அக்கரையில் மாட்டிய படகு

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற பெண்பிள்ளை அலீடா. இது ஹெர்வெய்க் ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. அதனால் விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் தன் மகளோடு பந்தயம் கட்டினாள் என்று கேள்விப்பட்டபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பந்தயம் எதன் மேல் என்று தெரிந்தபோதுதான் வாயடைத்துப் போனார்கள். குடியிருக்கிற வீட்டின் மேல்.

அலீடா தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். சைக்கிளில் தபால் கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நடந்தவள். நடைச் சங்கத்தின் நெடும் பயணங்களில் வாலிபப் பிள்ளைகள் காலில் கொப்புளம் வந்து உட்கார்ந்துவிட, இவள் அவர்கள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனதுண்டு. வருஷா வருஷம் விண்ணேற்ற நாள் விடியலில் ஊரைக் கூட்டிக்கொண்டு பனி மிதிக்கப் போகிறோமே, அதற்கும் அவள்தான் தலைவி. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈரப்புல்லில் நடந்து, ஆற்றைத் தாண்டி, இடிந்த கோட்டையில் போய் பான்கேக் தின்பது வழக்கம். பின்னால் பேண்டு வாத்தியக் கோஷ்டி வரும். முன்னால் அலீடா போவாள்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, காபிக் கோப்பையை எடுக்கப் போனவளுக்கு இடது கை வரவில்லை. பக்கவாதம். உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சும் போகவில்லை. அந்த வாய் போகுமா என்ன! ஆனால் இடது கால் இழுத்துக்கொண்டது. இடது கையால் ஒரு ரொட்டித் துண்டைப் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

வீடோ கரைமேட்டின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய வீடு. அதன் மாடிப்படி ஏணிக்குத் தங்கச்சி. படுக்கையறை மேலே. மகள் மிர்த்தா பக்கத்து நகரத்தில் இருக்கிறாள். ராத்திரி போன் அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற சுபாவம். மூன்று மாதமாக அவள் தூங்கவில்லை.

"முதியோர் குடியிருப்புல ஒரு வீடு காலியாம், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்காங்கம்மா," என்றாள் அன்று சமையலறையில். "தரைத்தளம். வாசப்படியே கிடையாது. குளியலறையில பிடிச்சுக்கக் கம்பி இருக்கு."

"ஜெயில்லயும் கம்பி இருக்கு," என்றாள் அலீடா.

"நீ படியில உருண்டு விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"உங்கப்பன் இருக்கான்ல?"

"அப்பா காதுல இருக்கற மெஷினைக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கறார். வீடே இடிஞ்சு விழுந்தாலும் அவருக்குக் கேக்காது."

ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஏவர்ட் தலையை நிமிர்த்தினார். "என்னையா சொல்றே?"

"பாரு," என்றாள் மிர்த்தா. "சரி, கட்டிலையாவது கீழே இறக்கலாம்னா..."

"முடியாது." மகள் சொல்லி முடிக்கும் முன்பே வந்தது பதில். "கீழே படுக்கறது நோயாளி. நான் நோயாளி இல்ல."

மிர்த்தா அழுகையும் கோபமுமாய் உதட்டைக் கடித்தாள். அதைப் பார்த்ததும் அலீடாவுக்கு மனசு இளகித்தான் போனது. ஆனால் இளகின மனசை வெளியே காட்டி அவளுக்குப் பழக்கமில்லை. வேறு ஒன்றைச் சொன்னாள்.

"நாளைக்குச் சின்னப் பிள்ளைங்க பாதைதானே? ஆரம்பத்துலேருந்து கோட்டை வரைக்கும் என் கால்லயே வர்றேன். யாரும் என்னைப் பிடிக்கக் கூடாது, நானும் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன். வந்து சேர்ந்துட்டேன்னா, அடுத்த வசந்தம் வரைக்கும் வீடு மாத்தற பேச்சே எடுக்கக் கூடாது."

"வந்து சேரலைன்னா?"

"திங்கட்கிழமை உன்கூட வந்து, நீ காட்டற இடத்துல கையெழுத்துப் போடறேன்."

மிர்த்தா தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"நான் எங்க படுத்தாலும் தூங்குவேன்டி," என்றார் ஏவர்ட்.

தாயும் மகளும் மேஜைக்கு மேல் கை குலுக்கினார்கள். எங்கள் ஊரில் கை குலுக்கிவிட்டால் அப்புறம் பேச்சு மாறுவது கிடையாது.

சின்னப் பிள்ளைகள் பாதை என்றால் குழந்தை வண்டியே உருண்டு போகிற பாதை. மேடு பள்ளம் கிடையாது. செங்கல் சூளையின் புகைபோக்கியில் நாரை கூடு கட்டியிருப்பதைப் பார்த்து, பழைய ஐசல் ஆற்றை இழுவைப் படகில் தாண்டி, கரை உடைந்த பள்ளத்தைச் சுற்றி, வெள்ளக்கல்லைத் தொட்டுவிட்டுக் கோட்டைக்குப் போகலாம். அலீடா அதை எந்த நாளும் ஒரு நடையாகவே மதித்ததில்லை. 'அது நடையாடா? காலாற உலாத்தறது!' என்று கேலி பேசியவள். இப்போது அதுவே மலையாய் எதிரில் நின்றது.

விடியலில், வாத்தியக்காரர்கள் இன்னும் கோயில் வாசலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோதே அவள் கிளம்பிவிட்டாள்.

"முன்னாடியே போறியா?" என்றார் ஏவர்ட்.

"பின்னாடி ஊரே வந்து என் இடது காலை வேடிக்கை பார்க்கணுமா? நான் மெதுவாப் போய்க்கிட்டிருக்கேன், நீங்க வந்து சேருங்க. மிர்த்தாகிட்ட பக்குவமாச் சொல்லு."

"போனை எடுத்துக்கோ."

"எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு அதை ரொட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். வழியெல்லாம் அது 'அம்மா எங்கே இருக்கே, அம்மா எங்கே இருக்கே' என்று கத்திக்கொண்டு வருவதைச் சகிக்க முடியாது.

புல்வெளியில் சப்பாத்தின் பட்டைகளை ஒற்றைக் கையால் பிய்த்துக் கழற்றி முதுகுப் பைக்குள் போட்டாள். வலது காலை வைத்தாள். சில்லென்று இருந்தது. இடது காலை இழுத்து வைத்தாள். பனிக்காலத்திலிருந்தே அந்தப் பாதத்துக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. கம்பளி சுற்றின மாதிரி கிடந்தது. இப்போது சுண்டு விரலோரம் ஏதோ சுருக்கென்றது. அலீடா அப்படியே நின்றுவிட்டாள். இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். சில்லிப்புதான்! கொஞ்சம்தான், ஆனால் சில்லிப்புதான்.

"அடி கழுதை, உனக்கு உயிர் இருக்கா?" என்று காலைப் பார்த்துச் சிரித்தாள். தனியாக நின்று தன் காலோடு பேசுகிற பொம்பளையைப் பார்த்து மாடுகள் தலையை நிமிர்த்தின. மாடுகள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தச் சந்தோஷத்திலேயே சூளையைத் தாண்டிவிட்டாள். ஆற்றுத்துறைக்கு வந்தபோது மூச்சு வாங்கியது, ஆனால் உள்ளே குதிப்பாய் இருந்தது.

இழுவைப் படகு தெரியுமல்லவா? தட்டையான இரும்புப் படகு. இக்கரையிலிருந்து ஒரு சங்கிலி, அக்கரையிலிருந்து ஒரு சங்கிலி. ஓட்டுகிற ஆள் கிடையாது. ஏறுகிறவர்களே சங்கிலியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒன்றரைக் கையோடு எப்படி இழுப்பது? அலீடா வலது கையால் இழுத்தாள். இழுத்ததை வலது காலால் மிதித்துக்கொண்டாள். மறுபடி குனிந்து இழுத்தாள். படகு அங்குலம் அங்குலமாய் நகர்ந்தது. பாதி ஆற்றில் ஒரு வாத்து தன் குஞ்சுகளோடு இவளை முந்திக்கொண்டு போனது.

"போ, போ. உனக்கு ரெண்டு காலும் நல்லாயிருக்கு," என்றாள் அலீடா.

அக்கரை வந்தது. ஆனால் இறங்க வேண்டுமே! காற்றில் படகு துறையை விட்டு விலகுவதும் முட்டுவதுமாய் இருந்தது. துறைப்பலகையின் ஓரத்தில் ஓர் இரும்புக் கொக்கி தொங்கும். அதை எடுத்துப் படகின் வளையத்தில் மாட்டினாள். படகு ஆடாமல் நின்றது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதலில் கெட்ட காலை வைத்து, பிறகு நல்ல காலை வைத்து, கரையில் நின்றாள்.

நின்றவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆற்றைத் தாண்டிவிட்டாள், அதுவும் ஒண்டியாக! முடியாதென்று டாக்டர் சொன்னாரே, மகள் சொன்னாளே, எல்லாரும் வந்து பாருங்கள்! இரண்டு கையையும் தூக்கினாள். இடது கை தோள் வரை வந்தது. அப்படியே திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினாள்.

கரை உடைந்த பள்ளத்தில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அதைச் சுற்றிக்கொண்டு கரைமேட்டோரம் வெள்ளக்கல்லுக்கு வந்து சேர்ந்தாள். ஆற்றுக்கரை உடைந்து பாதி ஊர் போன வருஷத்தில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கல்லில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அது அலீடாவின் தலைக்கும் மேலே இருக்கிறது. கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்த காபி ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.

எதிரில் கோட்டையின் மொட்டைக் கோபுரம் தெரிந்தது. அடியில் வெள்ளைக் கூடாரம். அடுப்புப் புகைகூடத் தெரிந்தது. இதோ, இன்னும் கொஞ்ச தூரம்தான். வந்த தூரத்தில் கால்வாசிகூட இல்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். மாடிப்படி அவளுக்கு, ஜன்னலில் தெரிகிற ஆறு அவளுக்கு, வீடு அவளுக்கு. மகள் வந்து சேரும்போது வாயில் பான்கேக்கோடு நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னால் வாத்தியச் சத்தம் கேட்டது. அந்தப் பழைய அணிவகுப்புப் பாட்டு. வருகிறார்கள், வரட்டும். பாட்டு முடிந்தது. மறுபடி அதே பாட்டு ஆரம்பித்தது. மூன்றாம் தரமும் அதே பாட்டு. அலீடா கோப்பையை வாயருகே வைத்துக்கொண்டு காது கொடுத்தாள். நடந்து வருகிற வாத்தியச் சத்தம் கிட்டக் கிட்ட வர வேண்டும். இது ஒரே இடத்தில் நிற்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

ஏன் நிற்கிறார்கள்? படகு இருக்கிறதே, இழுத்தால் வராதா?

கொக்கி!

கோப்பை கை நழுவி விழுந்தது. எத்தனை வருஷமாய் எத்தனை பேரைத் திட்டியிருப்பாள்! 'இறங்கினதும் கொக்கியைக் கழட்டிவிடு. இல்லைன்னா அந்தப் பக்கத்து ஆளு எப்படிப் படகை இழுப்பான்?' துறையில் இருக்கிற அறிவிப்புப் பலகையில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்தவளே அவள்தான். இன்று கொக்கியை மாட்டியவளும் அவள். கழற்றாமல் வந்தவளும் அவள். ஊருக்கு உபதேசம் செய்தவளின் லட்சணம் இது!

முதலில் வெட்கம்தான் வந்தது. ஊர் என்ன பேசும்? 'பாவம், காலோட நிக்கல, மூளைக்கும் ஏறிடுச்சு.' அதற்குப் பின்னால்தான் இன்னொன்று வந்தது. அது வந்ததும் வெட்கம் எங்கோ ஓடிப்போனது.

மிர்த்தா அந்தக் கரையில் நிற்கிறாள். படகு இந்தக் கரையில் கிடக்கிறது. இழுத்தாலும் வரவில்லை. அம்மாவைக் காணோம். போன் போட்டால் எடுக்க ஆளில்லை, ரொட்டிப் பெட்டிதான் அலறும். மிர்த்தா இப்போது எங்கே பார்ப்பாள்? தண்ணீரைத்தான் பார்ப்பாள். ஒற்றைக் காலோடு இறங்கும்போது படகுக்கும் துறைக்கும் நடுவில் அம்மா விழுந்துவிட்டாள் என்றுதான் நினைப்பாள். போன் அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற பெண் அவள்.

அந்த நேரம் பார்த்து வாத்தியம் பாதிப் பாட்டில் நின்றுபோனது.

அலீடா கோட்டையைப் பார்த்தாள். கூடாரத்தில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு ஆளனுப்பலாம். கூப்பிட்டால் கேட்காது. நடந்து போய்ச் சொல்லலாம். போய்ச் சேர்ந்த நிமிஷமே பந்தயம் ஜெயித்துவிடும். ஆனால் அதுவரை? அங்கே போய், ஆளைப் பிடித்து, அவன் சைக்கிளைத் தேடி, அப்புறம் ஆற்றுக்குப் போய்... அத்தனை நேரமும் மிர்த்தா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? அந்தப் பட்டணத்து மாப்பிள்ளை யூரா வேறு இருக்கிறான். வீரம் வந்தால் மே மாசத்துக் குளிர்த் தண்ணீரில் குதிப்பான்.

திரும்பினாள். வந்த வழியே நடந்தாள்.

வரும்போது சொன்னபடி கேட்ட கால் இப்போது கேட்கவில்லை. பாதம் புல்லைக் கீறிக்கொண்டு வந்தது. "வாடி சனியனே, வா. இப்ப மட்டும் வந்துடு. நாளைக்குப் பூரா படுத்துக்கோ," என்று கெஞ்சினாள், திட்டினாள். பள்ளத்தோரம் சேற்றில் கால் மடங்கிக் குப்புற விழுந்தாள். தனியாக விழுந்தால் என்ன ஆகும் என்று மகள் மூன்று மாதமாய்க் கேட்ட கேள்விக்கு இதோ பதில். வாயெல்லாம் மண். அழுகை முட்டியது. அழ நேரமில்லை. வேலிக்கம்பம் வரை தவழ்ந்து போனாள். கம்பத்தைக் கட்டிப்பிடித்து எழுந்தாள். வலிக்கிற இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

ஆறு தெரிந்தது. அந்தக் கரையில் ஊரே நின்றது. ஐந்தாறு பேர் சேர்ந்து சங்கிலியைத் தேர்வடம் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார்கள். யூரா ஜட்டியோடு நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றான். அவன் இடுப்பில் கட்டின கயிற்றைப் பெரிய ஊதுகுழல்காரன் பிடித்திருந்தான். துறை விளிம்பில் மண்டியிட்டு மிர்த்தா தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிர்த்தா!" என்று கத்தினாள் அலீடா. "இங்க இருக்கேன்டி! இங்க!"

மிர்த்தா தலையைத் தூக்கினாள். பார்த்தாள். எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கேவினாள். தண்ணீருக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"யூரா! மேல ஏறு! பேன்ட்டைப் போடு! சின்னப் பிள்ளைங்க நிக்குதுங்க!"

"அத்தை! உயிரோட இருக்கீங்களா?" பல் கிடுகிடுக்கக் கேட்டான் யூரா.

"செத்தவளா கத்தறா?"

கொக்கியைக் கழற்றக் குனிந்தாள். கழலவில்லை. அந்தப் பக்கத்தில் எல்லாரும் முக்கி முக்கி இழுப்பதால் வளையம் கொக்கியில் இறுகிக் கிடந்தது.

"இழுக்காதீங்க!" என்றாள்.

"இழுத்துக்கிட்டேதான் இருக்கோம், வர மாட்டேங்குது!" என்றார் வாத்தியக் கோஷ்டித் தலைவர் வோல்பெர்ட்.

"அதான் சொல்றேன், இழுக்காதீங்கய்யா! சங்கிலியை விடுங்க! ஊதி ஊதி உங்க காது அடைச்சுப் போச்சா?"

எல்லாரும் ஒரே நேரத்தில் சங்கிலியைக் கீழே போட்டார்கள். ஒற்றைக் கையால் படகை ஒரு தள்ளுத் தள்ளிக் கொக்கியை விடுவித்தாள். "இப்ப இழுங்க," என்றாள். படகு போனது.

முதல் நடையிலேயே மிர்த்தா வந்தாள். படகு துறையைத் தொடும் முன்பே குதித்தாள். தாயைக் கட்டிப்பிடித்தாள், பிடித்த கையாலேயே முதுகில் இரண்டு அடி போட்டாள்.

"அறிவிருக்காம்மா உனக்கு? போனை எடுத்துட்டு வந்தா என்ன? தண்ணியில முழுகிட்டேன்னு நினைச்சேன். உன் சட்டை தெரியுதான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"தெரியும். அதான் வந்தேன்."

"கொக்கியைக் கழட்டணும்னு உனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சா?" மிர்த்தா குரலைத் தாழ்த்தினாள். "ஊருக்கே சொல்றவ நீ. உனக்கா மறந்துச்சு? டாக்டர்கிட்ட சொல்லணுமா?"

அலீடாவும் வழியெல்லாம் அதையேதான் பயந்துகொண்டு வந்தாள். மறந்துபோனது எதனால்? தலையில் ஏதாவதா?

பின்னாலேயே பேத்தி ஃபென்னாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிய ஏவர்ட் சிரித்தார். இன்று காதில் மெஷின் இருந்தது. "அவ எங்கடி மறந்தா? இந்தப் படகு வந்த நாள்லேருந்து உங்கம்மா அந்தக் கொக்கியைத் தொட்டதே கிடையாது. ஆடு மாதிரி ஒரே தாவு, கரையில நிப்பா. கொக்கி கிழவங்களுக்கும் குழந்தை வண்டிக்கும்னு சொல்லுவா. மாட்டியே பழக்கமில்லாதவளுக்குக் கழட்டற பழக்கம் எங்கேருந்து வரும்?"

அலீடாவுக்கு மூச்சு வந்தது. உண்மைதான். இன்றுதான் முதல் தடவையாக மாட்டினாள். தாவ முடியாத கால் வந்த பிறகு முதல் தடவை.

"யானைக்கும் அடி சறுக்கும்," என்றார் வோல்பெர்ட், ஊதுகுழலைத் துடைத்துக்கொண்டே.

"என்னை யானைங்கறீங்களா?"

சிரித்துக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தாள். வைக்க முடியவில்லை. இடது கால் மட்டுமல்ல, வலது காலும் நடுங்கியது. துறைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் கையை நீட்டினார்கள், பந்தயம் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார்கள். ஊருக்கே தெரியுமே!

அலீடா கோட்டை இருக்கிற திசையைப் பார்த்தாள். இங்கிருந்து அது தெரியவில்லை. பிறகு ஃபென்னாவுக்காகக் கொண்டுவந்திருந்த நாலு சக்கர இழுவண்டியைப் பார்த்தாள். உள்ளே மிர்த்தா மெத்தை போட்டிருந்தாள். யாருக்காகப் போட்டாள் என்று கேட்க வேண்டியதில்லை.

"வண்டியை இப்படிக் கொண்டா," என்றாள்.

"அது என் வண்டி!" என்றாள் நாலு வயசு ஃபென்னா.

"உன் வண்டிதான் ராஜாத்தி. எனக்குக் கொஞ்சம் கடன் குடு."

"நில்லுங்க, நில்லுங்க," என்றார் வோல்பெர்ட். "எவ்வளவு தூரமோ போய்த் திரும்பியும் வந்திருக்காங்க. அந்தக் கணக்குக்குச் சின்னப் பிள்ளைங்க பாதையை விடக் கூடவே நடந்தாச்சு. பந்தயம் அலீடாவுக்குத்தான். என்னப்பா சொல்றீங்க?"

ஆமாம், ஆமாம் என்றது ஊர். ஊருக்கென்ன, பான்கேக் பசி.

"கோட்டை வரைக்கும்னு சொன்னேன். வண்டியில ஏற மாட்டேன்னும் சொன்னேன்," என்றாள் அலீடா. "ரெண்டும் நடக்கல. தோத்தவ தோத்தவதான். வழியை விடுங்க, உக்காரணும்."

உட்கார்ந்தாள். கை குலுக்கியது குலுக்கியதுதான். ஊர் வாத்தியம் முழங்க முன்னால் போனது. ஏவர்ட் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். யூரா உடம்பு சூடாகட்டும் என்று ஓடினான். மிர்த்தா மட்டும் பின்தங்கி வண்டியை இழுத்தாள்.

வீட்டை நினைத்தாள் அலீடா. காலையில் எழுந்ததும் ஜன்னலில் ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பாளே, அதை நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. முதுகைக் காட்டிக்கொண்டு இழுக்கிற மகளுக்குத் தெரியாது என்று துடைக்காமல் விட்டாள்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவே?" என்றாள்.

மிர்த்தா வண்டியை இழுத்துக்கொண்டே போனாள். வெள்ளக்கல் வந்தது. பெஞ்சடியில் கோப்பை கிடந்தது. மிர்த்தா அதை எடுத்தாள். நிமிர்ந்தபோது எதிரில் கோபுரமும் கூடாரமும் தெரிந்தன. கோப்பையைப் பார்த்தாள், கூடாரத்தைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

"இங்க வரைக்கும் வந்துட்டியா?"

"ம்."

"அதோ தெரியுது கோட்டை. இங்கேருந்து எதுக்கும்மா திரும்பினே?"

"நீ தண்ணியைப் பார்த்துக்கிட்டு நிப்பேன்னு தெரியும்டி," என்றாள் அலீடா. "வேற என்ன?"

மிர்த்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"உன்னைக் காணோம்னதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? கடைசியா உன்கிட்ட பேசினதெல்லாம் குளியலறைக் கம்பியைப் பத்தின்னு தோணுச்சு. வேற ஒண்ணுமே பேசலையேன்னு தோணுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன். சண்டை போடாம, நான் முடிக்கற வரைக்கும் பொறுத்துப் பதில் சொல்லு. கட்டிலைக் கீழே இறக்கி, படியில ரெண்டு பக்கமும் கம்பி வெச்சா... படுத்துக்குவியா?"

முடியாது என்ற சொல் அலீடாவின் நாக்கு நுனி வரை வந்தது. மூன்று மாதமாய் அங்கேயே குடியிருக்கிற சொல். அதை விழுங்கினாள்.

"இன்னிக்குக் கொக்கி இல்லைன்னா நான் ஆத்துலதான் விழுந்திருப்பேன்," என்றாள் மெதுவாய். "படுத்துக்கறேன். ஆனா அங்க எதுக்குடி மாடிப்படிக்குக் கம்பி? அங்கதான் படியே இல்லையே."

"அங்க யாரு போறா?" என்றாள் மிர்த்தா. "திங்கட்கிழமை நாங்க வரலைன்னு போன் பண்ணிடறேன். லீவு போட்டது போட்டதுதான். யூராவைக் கூட்டிட்டு வர்றேன், கட்டில் இறக்க."

அலீடாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்த பிறகும் விடாமல் கேட்டாள். "பேச்சுன்னா பேச்சு. கை குலுக்கியிருக்கோம். பந்தயத்துல ஜெயிச்சது நீ."

"ஆமா, ஜெயிச்சது நான்தானே? நான் காட்டற இடத்துல கையெழுத்துப் போடணும்னுதானே பந்தயம்?" மிர்த்தா எழுந்து வண்டியின் பிடியை எடுத்தாள். "நான் எந்த இடத்தையும் காட்டப் போறதில்ல."

அலீடா இந்த முறை அழுவதை மறைக்கவில்லை. மூக்கைச் சிந்தி, சட்டைக் கையிலேயே துடைத்தாள்.

"நிக்காதே, இழு," என்றாள். "அந்த வாத்தியக்காரப் பயலுக எல்லா பான்கேக்கையும் தின்னுடுவானுங்க."